0.05 என்ற மூடநம்பிக்கை

கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவுசெய்யும் மலையகப் பிள்ளைகளுக்கு மூத்த மாணவர்கள் ஓதுவது ஒன்றுதான். ஆய்வு முறையியல் முதலாம் ஆண்டில் தேற வேண்டிய ஒரு பாடம். வினாக்கொத்து ஒன்றைத் தயார்செய், லயம் லயமாகப் போய் நிரப்பு, எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் ஏற்று, பி-பெறுமதி (p value) 0.05க்குக் கீழே வந்தால் ஆய்வு முடிந்தது. சில மேற்பார்வையாளர்களும் இதையே சொல்கிறார்கள். இது பொய். ஏழைப் பிள்ளையின் நாலைந்து வருட உழைப்பைத் தின்னும் பொய்.

தோட்டத்துத் தரவு எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு தொழிலாளி ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார் என்பதை மாணவர் தோட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்குகிறார். அந்த எண் மலையில் பிறந்ததல்ல, கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் பிறந்தது. ஈரத்துக்கு என்றும் சாக்குக்கு என்றும் கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள் என்பது தொழிலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. கழித்த பிறகு பதிவதைக் கூடையில் விழுந்த கொழுந்தாக எடுத்துக்கொண்டால், அளப்பது பறிப்பவரின் திறனையா, நிறுப்பவரின் பழக்கத்தையா? மென்பொருளுக்கு இது தெரியாது. எதைக் கொடுத்தாலும் மூன்று தசமத்தில் விடை தரும்.

மாதிரி எடுப்பதிலும் இதே கதைதான். தோட்டத் தொழிலாளர் பெயர்ப்பதிவான செக்ரோலிலிருந்து ஆட்களைத் தெரிவுசெய்கிறோம். 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளின் கைக்குப் போன பின் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. அதே லயத்தில் குடியிருந்துகொண்டு கொழும்புக் கடைக்குப் போன மகனும், வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போன மகளும், கைகாசுக்குக் கொழுந்தெடுக்கும் தாயும் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பவர்களிடமும் கங்காணி பக்கத்தில் நிற்கும்போதுதான் கேள்வி கேட்கிறோம். “கஷ்டம் ஒன்றும் இல்லைங்க சேர்” என்ற பதிலை அப்படியே தரவாக்கிவிட்டு, தொழிலாளர் திருப்தி உயர்ந்திருப்பதாக முடிவு எழுதுகிறோம்.

0.05 எங்கிருந்து வந்தது? புள்ளிவிபர அறிஞர் ரொனால்ட் பிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதி கருதி வைத்த எல்லை அது. அடுத்த வருடமே அவர் தெளிவாக எழுதினார்: சரியாக வடிவமைத்த பரிசோதனை திரும்பத் திரும்ப இந்த அளவை எட்டினால்தான் ஓர் உண்மை நிலைபெற்றதாகக் கொள்ளலாம். நம்மவர்கள் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

இந்த முறையியலின் வரலாற்றில் மலையகத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. இலங்கையின் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் 1925இல்தான் உருவானது. இன்று தலவாக்கலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் பிஷரோடு சேர்ந்து ஆய்வுசெய்த ரி. ஈடன் பின்னர் இந்த நிலையத்துக்கு வந்தார். 1931இல் அவர் வெளியிட்ட ஆய்வு புதிய உரத்தைப் பற்றியதல்ல. தேயிலை மலையில் செய்யும் பரிசோதனைகளில் எவ்வளவு பிழை நேரும் என்பதே அதன் பொருள். இப்படிப் பிழையை அறிய ஒரு வழி உண்டு. மலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, உரத்திலோ கவ்வாத்திலோ எந்த வித்தியாசமும் செய்யாமல், ஒவ்வொரு துண்டின் கொழுந்தையும் தனியே நிறுப்பது. அப்போதும் நிறை துண்டுக்குத் துண்டு மாறும். சரிவு, மண், செடி, பறிக்கும் கை என்று அதற்குப் பல காரணங்கள். ஒன்றுமே செய்யாதபோது எண் எவ்வளவு ஆடுகிறது என்று தெரியாதவருக்கு, உரம் போட்ட பின் கூடியது உரத்தாலா என்று சொல்ல வழியே இல்லை. முறையியல் தொடங்குவது இங்கேதான். அது நம் பாட்டிமார் கொழுந்து பறித்த மலைகளிலேயே நடந்தது. விஞ்ஞான முறை நமக்கு அந்நியமானது என்று கூசி நிற்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆத்திரம்.

காலம் போதாது, உதவித்தொகை முடிந்துவிடும் என்பார்கள். பிழையான தரவை வைத்துக்கொண்டு மூன்று வருடம் எழுதுவதற்கு மட்டும் காலம் இருக்கிறதா?

மேற்பார்வையாளர்களே, மென்பொருளை மெல்லக் கற்பிக்கலாம். முதலில் மாணவரை ஒரு வாரம் கொழுந்து மடுவத்துக்கு அனுப்புங்கள். தராசு காட்டும் நிறையையும் பதிவேட்டில் ஏறும் நிறையையும் அவர் தனித்தனியே குறித்துவரட்டும். அந்த வித்தியாசத்தை ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் முதல் அட்டவணையாகப் போடச் சொல்லுங்கள்.