‘மே வெல்’ சொல்லிக்கொடுங்க, சார்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் நர்சிங் முடித்துவிட்டு ஓஇடி ஆங்கிலத் தேர்வு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மக்களுக்கும், அவர்களுக்கு இங்கிலீஷ் எடுக்கும் சார், டீச்சர்மாருக்கும் லீட்ஸிலிருந்து ஊர்க்காரி எழுதுவது.

கேன் என்றால் முடியும், மே என்றால் கூடும், மஸ்ட் என்றால் வேண்டும் என்ற பட்டியலை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் இங்கே வருகிறார்கள். பட்டியல் சரிதான். ஆனால் வார்டில் அது பாதி வழிக்குத்தான் வரும்.

“யூ மைட் வாண்ட் டு செக் ஹிஸ் பிளட் பிரஷர் அகெய்ன்” என்று மூத்த சிஸ்டர் சொல்வார். பட்டியல்படி அது ஏதோ உங்கள் விருப்பம். உண்மையில், இப்போதே போய்ப் பார் என்கிறார். நம் பிள்ளைகளோ நோயாளியிடம் “யூ மஸ்ட் சிட் அப்” என்கிறார்கள். இலக்கணத்தில் குற்றமில்லை, காதுக்குப் போலீஸ் அதட்டல் மாதிரி இருக்கிறது. “குட் யூ ஜஸ்ட் சிட் அப் ஃபார் மீ?” என்பதுதான் இங்கத்திய பேச்சு. “கொஞ்சம் எழும்புங்க அம்மா” என்கிறோமே, அந்தக் ‘கொஞ்சம்’ செய்கிற வேலையை ‘ஜஸ்ட்’ செய்கிறது. பெரிய உதவி கேட்டால் ‘குட் யூ பாஸிப்ளி’.

பேச்சில் இப்படிப் பதுங்கும் மஸ்ட், காகிதத்தில் பதுங்காது. நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் விதித்தொகுப்பில் ‘யூ மஸ்ட்’ என்றுதான் இருக்கும். 1931 முதல் வரும் சாலை விதிநூலான ஹைவே கோடில் மஸ்ட் என்று பெரிய எழுத்தில் இருந்தால் அது சட்டம், மீறினால் குற்றம். ஷுட் என்றிருந்தால் அறிவுரை. அதை மீறியதற்காக மட்டும் வழக்கு வராது, ஆனால் வேறு வழக்கில் அதை உங்களுக்கு எதிராகக் காட்டலாம். கார் ஓட்டப் படிக்கும்போது இது உதவும்.

நிஜமாகவே ஆபத்தான இடம் இரண்டு. ஆபரேஷனுக்கு முன் “சாப்பிட வேண்டாம்” என்கிறோம். அதை மனதில் வைத்து “யூ டோண்ட் ஹேவ் டு ஈட்” என்று சொன்னால், கட்டாயமில்லை, பிடித்தால் சாப்பிடு என்றாகிவிடும். அவர் டோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வருவார், ஆபரேஷன் தள்ளிப்போகும். அங்கே “யூ மஸ்ட்ன்ட்” வேண்டும். அடுத்தது, ஷிஃப்ட் மாறும்போது “அவர் மாத்திரை போட்டிருக்கணும்” என்கிற வாக்கியம். “ஹி மஸ்ட் ஹேவ் டேக்கன் இட்” என்றால் போட்டிருப்பார் என்ற ஊகம். “ஷுட் ஹேவ்” என்றால் போட வேண்டியது, அனேகமாகப் போடவில்லை. கேட்பவர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டால் இன்னொரு மாத்திரை உள்ளே போகும்.

டாக்டர்மார் வாயில் அடிக்கடி வருவது ‘மே வெல்’. “இட் மே வெல் பி என் இன்ஃபெக்ஷன்” என்றால் நலம் ஒன்றுமில்லை, இன்ஃபெக்ஷனாக இருக்க நல்ல வாய்ப்பு என்று பொருள். ‘மைட் ஆஸ் வெல்’ வேறு சாதி: சரி, வேறு வழியில்லை, செய்துதான் வைப்போமே.

போன் இன்டர்வியூவுக்குச் சில விஷயம். “ஐ வில் டெஃபினட்லி கம்” என்பதில் டெஃபினட்லி நடுவில் நிற்கும். மறுக்கும்போது முன்னால் தாவிவிடும்: “ஐ டெஃபினட்லி வோண்ட்”. அப்புறம், வருவேன் என்பதற்கு “ஐ வுட் பி கமிங்” என்று மரியாதைக்காகச் சொல்வது நம்மூர்ப் பழக்கம். இங்குள்ளவர் காதில் அது, வந்திருப்பேன், ஆனால்... என்று பாதியில் நிற்கிறது. அந்த ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். வில் போதும், மக்களே.

ஐ, வி வந்தால் ஷல், மற்றதற்கு வில் என்ற விதிக்கு அரை நாள் செலவழிக்கும் சார்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஷல் இங்கே பெரும்பாலும் கேள்வியில்தான் காதில் விழுகிறது: “ஷல் ஐ ஓபன் த விண்டோ?” அதைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை மஸ்ட் ஹேவுக்கும் மே வெல்லுக்கும் கொடுங்க.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி