2009 கோப்பை யாருடையது? குடும்பக் குரூப்புக்கும் பழைய மாணவர் குரூப்புக்கும் சேர்த்தே

பதிவு கொஞ்சம் நீளம். "சார் ஆரம்பிச்சுட்டாரு" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் மூன்று வாரமாக இரண்டு குரூப்பிலும் கோப்பை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் கடைசி வரி வரை படித்தே ஆக வேண்டும். பின் பெஞ்சுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வழக்கு இதுதான். நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகள் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு 2 கோப்பை என்கிறார்கள்: 2009, 2016. திருத்தணி, அரக்கோணம் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றுதான் என்கிறார்கள். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 கோப்பை சன்ரைசர்ஸுடையது அல்ல. இதைப் படித்ததும் மஞ்சள் சட்டைக்காரர்கள் விசில் அடிக்க வேண்டாம். உங்கள் கணக்கு அதைவிட மோசம், அதற்கும் வருகிறேன்.

2009ல் தேர்தல் வந்ததால் போட்டியைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். முந்தின வருஷம் கடைசி இடத்தில் கிடந்த டெக்கான் சார்ஜர்ஸ், கில்கிறிஸ்ட் தலைமையில் ஜோகன்னஸ்பர்க்கில் பெங்களூருவை 6 ரன்னில் வென்றது. அந்த வருஷம் அதிக விக்கெட் எடுத்தவர் அந்த அணியின் ஆர்.பி. சிங், 23 விக்கெட். அருமையான கதை, மறுக்கவில்லை. ஆனால் 2012 செப்டம்பரில் கிரிக்கெட் வாரியம் அந்த அணியின் ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. புதிதாக டெண்டர் விட்டார்கள். வருஷத்துக்கு 85.05 கோடி ரூபாய் என்று கேட்டு ஹைதராபாத் உரிமையை வாங்கியது யார்? நம் சென்னை சன் டிவி! சன்ரைசர்ஸ் என்ற பெயரில் 2013ல் ஆடத் தொடங்கி, 2016ல் வார்னர் தலைமையில் கோப்பை வாங்கினார்கள். அதுவும் பெங்களூருவைத்தான், 8 ரன்னில். (பாவம் பெங்களூரு. 2025ல்தான் அவர்களுக்கு விடிந்தது.)

"ஊர் ஒண்ணு, உப்பல் கிரவுண்டு ஒண்ணு, பார்க்கிற ஜனம் ஒண்ணு, அப்புறம் எப்படி சார் வேற டீம்?" என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தான். நல்ல கேள்வி. பழைய அணியின் ஆட்கள் பலர் புதிய அணிக்கு வந்ததும் உண்மை. ஸ்டெயின், சங்கக்காரா எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அந்த இரண்டு பேருமே 2009ல் கோப்பை வாங்கிய அணியில் கிடையாது. வாங்கிய அணியில் இருந்த ரோகித் சர்மாவோ மும்பைக்குப் போய்விட்டார். அதனால்தான் ரோகித்தின் சொந்தக் கணக்கில் 6, மும்பையின் கணக்கில் 5. ஆளின் கணக்கு வேறு, அணியின் கணக்கு வேறு, ஊரின் கணக்கு வேறு. மூன்றையும் ஒரே பத்தியில் கூட்டினால் நான் சிவப்பு மையால் அடிப்பேன் என்று உங்களுக்குத் தெரியும்.

பெயர் மாறியதைப் பற்றி நான் பேசவில்லை. டெல்லி டேர்டெவில்ஸ் டெல்லி கேபிடல்ஸ் ஆனது, அணி அதேதான். நம் மாநிலம் 1954-55ல் ரஞ்சிக் கோப்பை வாங்கியபோது பெயர் மெட்ராஸ். 1987-88ல் வாங்கியபோது தமிழ்நாடு. இரண்டும் நம்முடையவை, ஏனென்றால் நடுவில் எதுவும் அறுந்துபோகவில்லை. சென்னை அணி 2016லும் 2017லும் வெளியே உட்கார வைக்கப்பட்டது. ஆனால் உரிமை ரத்தாகவில்லை, திரும்பி வந்தது அதே அணி. டெக்கான் விஷயத்தில் கயிறு அறுந்தது. ஐபிஎல் பட்டியலில் 2009க்கு எதிரே இன்றைக்கும் டெக்கான் சார்ஜர்ஸ் என்றே இருக்கிறது.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. இந்தூரில் ஹோல்கர் என்று ஒரு அணி. சி.கே. நாயுடு தலைமை தாங்கிய அணி. 1945-46, 1947-48, 1950-51, 1952-53 என்று 4 ரஞ்சிக் கோப்பை. (1954-55ல் மெட்ராஸ் தோற்கடித்ததும் இந்த ஹோல்கரைத்தான்.) பிறகு அந்த அணி மறைந்தது, இந்தூர் மத்தியப் பிரதேசத்துக்குள் வந்தது. 2022 ஜூனில் மத்தியப் பிரதேசம் மும்பையை வென்று ரஞ்சிக் கோப்பை வாங்கியபோது ஐந்தாவது கோப்பை என்று கொண்டாடவில்லை. முதல் கோப்பை என்றார்கள். இந்தூர்க்காரர்கள் நாயுடுவை மறந்துவிட்டார்களா? இல்லவே இல்லை. அவர் பெருமை தனி, இந்தக் கணக்கு தனி என்று வைத்திருக்கிறார்கள். நகரிப் பிள்ளைகளே, ஹைதராபாத் கிரிக்கெட்டைப் பற்றிப் பெருமைப்பட உங்களுக்குக் கடன் வாங்கிய கோப்பை எதற்கு? 1937-38, 1986-87 என்று 2 ரஞ்சிக் கோப்பை இருக்கிறது. குலாம் அகமது, ஜெய்சிம்மா, அசாருதீன், லட்சுமணன் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட மூன்று வாரத்தில் நீங்கள் யாரும் எழுதவில்லை.

இப்போது மஞ்சள் சட்டை. 2025 வரை சென்னைக்கு 5, மும்பைக்கு 5. சமமாகிவிட்டதா, உடனே "சாம்பியன்ஸ் லீக்கையும் சேர்த்துக்கோ" என்கிறீர்கள். சேர்த்தேன். சென்னைக்கு 2010, 2014. மும்பைக்கு 2011, 2013. ஏழுக்கு ஏழு. அடுத்து "நாங்க 10 ஃபைனல், அவங்க 6தான்." சரி. அதற்கு மும்பைப் பையன், "நாமிருவரும் மோதிய 4 ஃபைனலில் 3 எங்களுக்கு" என்கிறான். அதுவும் சரி. 2010ல் மட்டும்தான் சென்னை. 2013, 2015, 2019 மும்பை. உடனே நீங்கள், "ரெண்டு வருஷம் எங்களை வெளியே வைக்காம இருந்திருந்தா..." இருந்திருந்தா! நடக்காத பரீட்சைக்கு மார்க் கேட்கிற மாணவனை 34 வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

கோளாறு எங்கே என்று புரிகிறதா? யாரும் பொய்த் தகவல் சொல்லவில்லை. எல்லோரும் விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற சூத்திரத்தைத் தேடுகிறீர்கள். பொதுத்தேர்வு திருத்தும் முகாமில் முதல் வேலை என்ன? விடைக்குறிப்பு. அது கைக்கு வந்த பிறகுதான் விடைத்தாள் கட்டைப் பிரிப்போம். நம் பள்ளிப் பையன் எழுதியதைப் பார்த்துவிட்டு விடைக்குறிப்பு தயாரித்தால் அதற்குப் பெயர் திருத்தமா?

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் மாணவர்களைக் கேளுங்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் கந்த சஷ்டிக் கூட்டம். வெகு காலம் வரை இறுதிப்போட்டி என்றே ஒன்று கிடையாது. பத்திரிகைகளும் கணிப்பாளர்களும் ஆளுக்கொரு சாம்பியனை அறிவிப்பார்கள். 1941ல் அலபாமா 2 ஆட்டம் தோற்றது. ஏபி நிறுவனத்தின் பட்டியலில் மின்னசோட்டா முதலிடம், அலபாமா 20வது இடம். யாரோ ஒரு கணிப்பாளர் அலபாமாவை முதலாவதாகப் போட்டிருந்தார் என்பதற்காக அந்த வருஷத்தையும் அந்தப் பல்கலைக்கழகம் தன் பட்டங்களில் சேர்த்துக்கொண்டது. அதே அலபாமா 2017ல் முறைப்படி பட்டம் வென்றபோது, ஆடிய 13 ஆட்டத்திலும் ஜெயித்த சென்ட்ரல் ஃபுளோரிடா தானே சாம்பியன் என்று அறிவித்து ஊர்வலமே நடத்தியது. அலபாமா ரசிகர்கள் சிரித்தார்கள். சிரிக்க அவர்களுக்கு என்ன யோக்கியதை?

இவ்வளவும் வெறும் விளையாட்டு வம்பு என்றால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் குடும்பக் குரூப்பில் நம் பையன் ஒருவன், கோப்பைக் கணக்கில் பதில் சொல்ல முடியாமல், தெலுங்கு பேசுகிறவர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லை எழுதினான். நாலு பேர் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். அன்றிரவே நகரி மாமா குடும்பம் குரூப்பை விட்டு வெளியேறியது. வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு நம் வீட்டில் தங்கித்தான் அவர்கள் காவடி எடுப்பார்கள். இந்த வருஷம் "பரவாயில்லை பாவா, லாட்ஜ் பார்த்துக்கிறோம்" என்று அக்கா போனில் சொன்னார். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு ஊர் வரலாறு தெரியுமா? 1960 மார்ச் 31 வரை திருத்தணி ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. போராடினார், பலர் சிறை போனார்கள், எல்லாம் உண்மை. ஆனால் கடைசியில் எப்படித் தீர்ந்தது? படாஸ்கர் வந்து முதலில் விதியை வைத்தார்: கிராமம்தான் அலகு, அங்கே எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார், நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார். அதன் பிறகுதான் எண்ணினார்கள். திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு பக்கம் அங்கே போனது. எல்லைக்கோடு போட்டார்களே தவிர, சம்பந்தம் பேசுவதை யாரும் நிறுத்தவில்லை. என் அம்மா கடைசி வரை பால் கணக்கைத் தெலுங்கில்தான் எண்ணினார். அந்தச் சொல் அவருக்கும் சேர்த்துத்தானா?

இன்னொன்று. 2018ல் சென்னைக்காக 602 ரன் அடித்தது யார்? அம்பாட்டி ராயுடு. 2023 ஃபைனலில் 8 பந்தில் 19 அடித்துவிட்டு ஓய்வு பெற்றவரும் அவரே. அவர் தெலுங்குக்காரர். சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் யார்க்கர் போட்டுப் பெயர் வாங்கியது ஹைதராபாத் சட்டையில். கோப்பைக்கு மொழி ஒட்டுகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

அந்தச் சொல்லை எழுதிய பையனுக்கு: பெயர் போடவில்லை, உனக்கே தெரியும். நகரி மாமாவுக்கு நீயே போன் செய். மெசேஜ் செல்லாது, குரலில் பேச வேண்டும். 2009 விஷயத்தில் உன் கட்சி சரி என்பதை அவரிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன், பாய் தலையணை போன வருஷத்தது போதும். கிருத்திகைக்கு முந்தின நாள் சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு அவர்களை அழைக்கப் போகப்போவதும் நீதான்.