வேற்காடும் பழவேற்காடும்

திருவேற்காட்டைத் தொட்டுச் செல்லும் கூவம் நதி, கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை ஆகிய இடங்களைக் கடந்து சேப்பாக்கத்தருகே கடலில் கலக்கிறது. கலப்பதற்குச் சற்று முன்னர் அது பக்கிங்ஹாம் கால்வாயைச் சந்திக்கிறது. அந்தச் சந்திப்பிலிருந்து ஒரு காலத்தில் வடக்கே எண்ணூர், பழவேற்காடு வழியாக ஆந்திர தேசத்திற்கும், தெற்கே மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக மரக்காணத்திற்கும் படகிலேயே பிரயாணம் செய்யலாம். இன்றோ அவ்விடத்தில் நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழிநிலை எப்படி நேர்ந்தது, இதற்குப் பரிகாரம் யாது என்பதைப் பொது ஜனங்கள் சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

நமது கிழக்குக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. அலை ஓயாத திறந்த கடலில் சிறு படகுகள் சரக்கேற்றிச் செல்வது எக்காலத்தும் ஆபத்தானது. ஆகையால், கரைக்குச் சற்று உட்புறமாக, உப்பங்கழிகளையும் ஏரிகளையும் இணைத்து இந்த ஜலமார்க்கம் அமைக்கப்பட்டது. 1806-ல் கொக்ரேன் என்ற வெள்ளைக்கார வர்த்தகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டுவித்த கால்வாயே இதன் தொடக்கம். பின்னர் 1877-78-ல், தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியபோது, அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. ஒரு வேளைக் கஞ்சிக்காக எலும்பும் தோலுமாய் மண் சுமந்தவர்கள் நம்மவர்கள். கால்வாய்க்குச் சூட்டப்பட்ட பெயரோ அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவினுடையது!

பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 260 மைல் நீண்ட இம்மார்க்கத்தில் உப்பும் விறகும் நெல்லும் சென்னைக்கு வந்தன. காற்று இசைந்தால் பாய் விரித்தார்கள். இசையாவிட்டால் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள். பாரதிதாசன் இக்கால்வாய் வழியே மாமல்லபுரம் சென்ற படகுப் பிரயாணத்தை 'மாவலிபுரச் செலவு' என்று பாடினார்.

ரயிலும் லாரியும் சரக்கைக் கவர்ந்துகொண்டன. 1965, 1966, 1976 ஆம் ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. மண் மேடிட்டது, நகரத்தின் சாக்கடை புகுந்தது. போதாக்குறைக்கு, 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்களைச் சர்க்காரே கால்வாய்க்குள் நாட்டியது. 2008-ல் இதே கால்வாயை உள்ளடக்கி, 1078 கிலோ மீட்டர் நீளத்திற்கு நான்காவது தேசிய நீர்வழி என்று பிரகடனம் செய்தார்கள். பிரகடனம் காகிதத்தில் ஓடுகிறது. சென்னை நகருக்குள் படகு ஓடவில்லை.

'ரயிலும் மோட்டாரும் இருக்கையில் படகு எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். படகு மிதக்கும் ஆழமுள்ள கால்வாய், வெள்ளம் வடியும் கால்வாயுமாகும். படகு போக முடியாதபடி தூர்ந்த கால்வாயில் மழை நீரும் தேங்கத்தான் செய்யும். படகு வேண்டும் என்பது உல்லாசத்திற்காக மட்டுமன்று, நகரத்தின் உயிருக்காகவுமாகும்.

கூவத்தைச் சீர்படுத்த 600 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் வகுக்கப்பட்டது. கரையோரத்து ஏழைகளின் குடிசைகள் அகற்றப்பட்டன. அவர்கள் தொழிலிடத்தை விட்டு வெகு தூரத்தில் குடியேற்றப்பட்டார்கள். ஆனால் நதியில் விழும் சாக்கடை நிற்கவில்லை. ஏழையை அகற்றுவது எளிது, பெரிய வீடுகளின் கழிவுநீர்க் குழாயை அடைப்பது கடினம் என்பதுதான் இதன் பொருளா?

கால்வாயின் நோய் கால்வாயில் மட்டும் இல்லை. மேலே பெருகும் ஊர்கள் தங்கள் அசுத்தத்தை நதியில் விட்டால் கீழே எத்தனை கோடி செலவிட்டும் பயனில்லை. திருவேற்காடு, ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் வாசிகள் இதைத் தங்கள் காரியமாகக் கொள்ள வேண்டும். சுத்திகரிக்கப்படாத ஒரு துளி நீரும் நதியில் விழலாகாது என்று அவரவர் நகரசபையை நெருக்க வேண்டும். சர்க்காரோ, கோவளம் முதல் மரக்காணம் வரையுள்ள பகுதியையாவது முதலில் தூர்வாரிப் படகுக்குத் திறக்கட்டும்.

பஞ்சத்தில் வாடிய நம் முன்னோர் பசித்த வயிற்றோடு வெட்டிய கால்வாய் இது. வயிறு நிறைந்த நாம் அதைத் தூர்த்துவிட்டோம் என்ற பழி நமக்கு வேண்டாம்.