மாமாக் கடையில் நாம் யார் பக்கம்?

1958 கொழும்புக் கலவரத்துக்குப் பின் லண்டன் போனார் அ. சிவானந்தன். அங்கே நாட்டிங் ஹில்லில் வெள்ளைக் கும்பல் கறுப்பர்களை அடித்துக்கொண்டிருந்தது. ‘அது அவங்க பிரச்சினை’ என்று ஒதுங்காமல் கடைசிவரை அவர்களோடு நின்றார் இந்தத் தமிழர்.

2024 ஆகஸ்டிலும் இங்கிலாந்தில் தீவிர வலதுசாரிகள், ராதர்ஹாம் அருகே அகதிகள் தங்கிய விடுதிக்குத் தீ வைத்தார்கள். குடியேறிகளுக்காக வாதாடும் வக்கீல் அலுவலகங்களின் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார்கள். லண்டன் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானோர் எதிர்த்துத் திரண்ட படத்தை ஜொகூர் பாருவில் உட்கார்ந்து நாமும் பகிர்ந்தோம்.

‘இந்தியருக்கு வீடு இல்லை’ விளம்பரத்தைப் பார்த்துக் கொதிக்கிற அதே வாய்தான், மாமாக் கடையில் ‘பங்களாக்காரனால ஊரே கெட்டுப்போச்சு’ என்கிறது. அந்தக் கும்பல் கத்தியதும் இதைத்தானே? அப்புறம் என்ன தோழமை, என்ன ஆதரவு? போன வாரம் என் கூட்டாளியே இதைச் சொன்னபோது, தே தாரிக்கை ஆற்றிக்கொண்டு நானும் சும்மாதான் இருந்தேன்.