தேன்கூடு கலைந்தது, உண்மை கலையவில்லை!

பீம்பேட்கா குகையில் 'டிக்கின்சோனியா' என்ற ஆதி உயிரின் சுவடு கிடைத்ததாக 2021-இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அது தேன்கூட்டின் மிச்சமே என்று 2023-இல் வேறு விஞ்ஞானிகள் காட்டினர். முதலில் அறிவித்த ஆய்வுத் தலைவரே ஒப்புக்கொண்டார். 'பரிணாமமே பொய்' என்று பிற்போக்காளர் கூத்தாடட்டும்!

பச்சைக் களிமண்ணில் பதிந்த விரல் சூளையில் வெந்தபின்னும் நிற்பதை விருத்தாசலம் பீங்கான் தொழிலாளி அறிவான். எலும்பில்லாத அவ்வுயிரும் அப்படியே கடலடி மணலில் பதிந்து கல்லில் நின்றது. ரஷ்யாவின் வெண்கடல் பகுதியில் கிடைத்த, 55.8 கோடி ஆண்டுப் பழமையான டிக்கின்சோனியாவில் விலங்குக் கொழுப்பின் தடயத்தையே 2018-இல் கண்டனர்.

தவறைத் திருத்துவது விஞ்ஞானம். பாடத்தையே வெட்டுவது பிற்போக்கு. 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை நீக்கியது. பாடச்சுமை குறைப்பாம்! யாருடைய சுமை? உயிரே மாறி வந்தது என்று கற்கும் பிள்ளை, கூலியும் சாதியும் ஏன் மாறாது என்று கேட்பான். அந்தக் கேள்விதான் அவர்களுக்குச் சுமை!

தோழர்களே, வெட்டிய பாடத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்வோம்!