பச்சை விளக்கு எரிந்தால் போதுமா?

செமோரில் என் பிரத்தியேக வகுப்பில் மாணவர்கள் அடிக்கடி கேட்பது இது: "சார், விளக்கு எரியுது, இணையம் ஏன் வரல?"

விளக்கு பொய் சொல்லவில்லை. கேபிளின் மறுமுனையில் ஒரு கருவி இயங்குகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கணினியின் டிரைவரும் அதைத்தான் 'கேரியர் 1' என்று லினக்ஸுக்குச் சொல்கிறது. கேபிள் சரி, அனுமதிக்குக் காத்திருக்கிறது என்றால் அந்த நிலைக்குப் பெயர் 'டார்மன்ட்'. 2000இல் வந்த ஆர்எஃப்சி 2863 இப்படி ஏழு நிலைகளை வகுத்தது. நம் கணினிப் பாடமோ 'இருக்கு, இல்லை' என்பதோடு நின்றுவிடுகிறது. பிறகு, வீட்டுப்பாடம் அனுப்பாத பிள்ளையிடம் "லைன் இருக்கே!" என்று கோபப்படுகிறோம்.

ஆசிரியர்களே, ரவுட்டருக்கு வெளியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் வகுப்பில் கழற்றிக் காட்டுங்கள். மாணவரின் கணினியில் 'கேரியர்' அப்போதும் 1தான்.