ஐயா, அன்று சொன்னது பாதிப் பதில்!

போன வாரம் காலை நிகழ்ச்சிக்கு கோலா கங்சாரிலிருந்து ஒரு நேயர் அழைத்தார். தினமும் பேராக் ஆற்றங்கரையில் நடப்பவராம். "தம்பி, நாம விடுற கரியமில வாயுவைக் கடலே இழுத்துக்குதாமே, அப்புறம் எதுக்குக் கவலை?" என்றார். "ஆமாங்க ஐயா, கடல் பார்த்துக்கும்" என்று சிரித்தபடி பாட்டைப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது.

நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்வது உண்மைதான். ஆனால், எல்லா இடத்திலும் வாங்குவதில்லை. சில இடங்களில் திருப்பியும் கொடுக்கிறது.

சோடா போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்திருந்தால் வாயு உள்ளேயே அடங்கியிருக்கும்; சூடானால் பொங்கி வெளியேறும். கடலும் அப்படித்தான். வட அட்லாண்டிக்கில் குளிர்ந்து கனத்த நீர், வாயுவைச் சுமந்துகொண்டு ஆழத்துக்கு இறங்குகிறது. மேலே வாழ்ந்து மடிந்த உயிர்களும் அடியில் மட்கி, அந்த நீரில் இன்னும் கரியமில வாயுவைச் சேர்க்கின்றன. இப்படி வாயு நிறைந்த கீழ்நீர் எங்கே மேலே வருகிறதோ, அங்கே வாயு காற்றில் கலக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோமாலியா, ஓமான் கரையோரம் இதுதான் நடக்கிறது. இதில் மிகப் பெரிய இடம், பசிபிக்கின் நடுக்கோட்டுப் பகுதி.

2015-இல் எல் நினோ வந்தபோது பசிபிக்கில் காற்று தளர்ந்தது. ஆழத்து நீர் மேலே வருவது குறைந்தது. கடல் விட்ட வாயுவும் குறைந்தது. நாசாவின் ஓசிஓ-2 செயற்கைக்கோள் இதைப் பதிவு செய்தது.

நல்ல செய்திதானே என்கிறீர்களா? அதே எல் நினோதான் சுமத்ரா, கலிமந்தான் கரிமண் காடுகளைக் காய வைத்தது. அவை எரிந்த புகைமூட்டத்தில் நாம் முகக்கவசம் போட்டதும், பல மாநிலங்களில் பள்ளிகளை மூடியதும் மறந்திருக்காது. கடல் மிச்சப்படுத்தியதைவிட நிலம் கக்கியது அதிகம். 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் காற்றில் கரியமில வாயு வழக்கத்தைவிட வேகமாக ஏறியது.

இன்னொன்று, கடலின் மேல்நீர் சூடாகச் சூடாக, வாயுவைப் பிடித்து வைக்கும் திறனும் குறையும். மேலும் கீழும் கலப்பதும் குறையும்.

ஆகவே ஐயா, கடல் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். மிச்சத்தை நாம்தான் பார்க்க வேண்டும். மறுபடியும் அழையுங்கள், பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன்.